மன்னார்க்குடாக் கரையில் ஒரு பகல்

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப்படும் என்பதை நாம் பள்ளிப் பருவத்திலேயே கற்றோம். அந்நிலத்துக்குரிய தெய்வம், பறவை, மரம், பொழுது ஆகியவற்றை வரிசை பிறழாமல் ஒப்பித்துத் தேர்விலும் எழுதி வந்தோம். ஆயினும், நெய்தல் நிலத்தில் ஒரு பகற்பொழுதேனும் நின்று, அதனை உள்ளவாறு அறிந்த ஒருவர் சுட்டிக்காட்டக் கண்டவர் நம்முள் எத்துணைப் பேர்? நூலறிவு கண்ணறிவோடு கூடும்பொழுதே முழுமை பெறும். அங்ஙனம் கூடுதற்கு நம் நாட்டில் மன்னார்க்குடாக் கரையினும் சிறந்த இடம் காண்டல் அரிது. அக்கரையில் வழிகாட்டி ஒருவரோடு ஒரு பகலைக் கழிப்பது எங்ஙனம், அதனால் விளையும் பயன் யாது, அதனூடே எழும் வினா யாது என்பனவற்றைச் சுருங்க விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இடத்தை அறிதல் வேண்டும். இராமேசுவரத் தீவின் அருகே தொடங்கித் தூத்துக்குடி வரையில், கரையினின்றும் சிறிது விலகி, 21 சிறு தீவுகள் மாலையிற் கோத்த மணிகளைப்போல் வரிசையாக அமைந்துள்ளன. மண்டபத் தொகுதியில் ஏழு, கீழக்கரைத் தொகுதியில் ஏழு, வேம்பார்த் தொகுதியில் மூன்று, தூத்துக்குடித் தொகுதியில் நான்கு என இவற்றைப் பகுத்து எண்ணுவர். இத்தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமில்லாக் கடலுமாகிய 560 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. 1989-ஆம் ஆண்டில், கரையோர ஊர்களையும் உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் என்னும் பெயரும் பெற்றது. எனினும், 21 என்பது ஏட்டில் உள்ள தொகையே. நீருக்குமேல் இன்று நிற்பவை 19 மட்டுமே. எஞ்சிய இரண்டும் எங்குச் சென்றன என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

இக்கரைக்குச் செல்வதற்குக் காலம் அறிதலும் இன்றியமையாதது. இராமேசுவரத் தீவு இரண்டு கடல்களுக்கு நடுவே கிடக்கின்றது. வடக்கே உள்ளது பாக்கு நீரிணையைச் சார்ந்த கடல். தெற்கே உள்ளது மன்னார்க்குடா. முன்னதைப் பெண்கடல் என்றும், பின்னதை ஆண்கடல் என்றும் அவ்வூர் மக்கள் வழங்குவர். தென்மேற்குப் பருவக் காற்று வீசுங்கால் ஆண்கடல் பொங்கும்; பெண்கடல் அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவக் காற்று வந்தவுடன் இந்நிலை மாறிப்போம். ஒரு பக்கத்துக் கடல் சீறும்பொழுது மறுபக்கத்தில் வலை வீசிப் பிழைக்கும் வாய்ப்பு அத்தீவினர்க்கு இயற்கை அளித்த கொடையாகும். தை முதல் பங்குனி வரையுள்ள மாதங்களில் தெற்குக் கடல் பெரும்பாலும் தெளிந்து நிற்கும். வடநாட்டினின்றும் வந்த பறவைகளும் திரும்பிச் செல்லாமலிருக்கும். ஆதலின் அம்மாதங்களே காண்பதற்கு ஏற்றவை. எம் வகுப்பு மாணவர் சிலர் சென்றதும் தைத் திங்களிலேயாம்.

மண்டபத்தை விட்டுத் தீவினுட் புகுவோர் பாம்பன் கால்வாயைக் கடத்தல் வேண்டும். 1914-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பழைய இருப்புப்பாதைப் பாலம் நூறாண்டுக்கு மேல் உழைத்து, 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் ஓய்வு பெற்றது. கப்பல் வருங்கால் இரு கைகளையும் உயர்த்தி வழிவிட்ட அப்பாலத்தின் அருகே, நடுப்பகுதி முழுவதும் நேரே மேலெழும் புதிய பாலம் 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பெற்றது. வண்டிகள் செல்லும் நெடும்பாலமோ 1988-ஆம் ஆண்டில் அமைந்தது. அதன்மேல் நின்று விடியற் பொழுதில் நோக்கின், இருபுறத்துக் கடலும் இருவேறு நிறங்காட்டும் அழகு கண்ணைக் கவரும். ஆயினும், வெறுங் கண்ணுக்குத் தோன்றுவது நீரின் நிறம் மட்டுமே. எங்கே கருமை தோன்றுகின்றதோ அங்கே கடற்புல் வளர்ந்திருக்கலாம், எங்கே வெண்பச்சை தோன்றுகின்றதோ அங்கே மணல் கிடக்கின்றது, எங்கே நுரை ஒரே கோடாக உடைகின்றதோ அங்கே பாறை மறைந்திருக்கின்றது என்று கூறுதற்கு அக்கடலிற் பிறந்து வளர்ந்தவர் ஒருவர் வேண்டும். வழிகாட்டியின் தொழில் இங்கேயே தொடங்குகின்றது.

இத்தீவுகளுக்கு எவரும் தம் விருப்பம்போற் படகேறிச் செல்லுதல் ஆகாது. வனத்துறையின் இசைவு வேண்டும். அவர் குறித்த இடத்துக்கே, அவர் குறித்த முறையிலேயே செல்லுதல் வேண்டும். பாம்பனுக்குத் தெற்கே குந்துகால் என்னும் கரையிலிருந்து குருசடைத் தீவுக்குப் படகு செல்கின்றது. விவேகானந்தர் மேனாட்டிலிருந்து திரும்பி 1897-ஆம் ஆண்டு ஜனவரியில் கால்வைத்த கரை அஃதாதலின், அவர் நினைவு மண்டபமும் அங்கே உண்டு. எம்மை அழைத்துச் சென்ற வழிகாட்டி மீன்பிடிக் குடியிற் பிறந்தவர். இளமையில் வலை வீசியவர். படகு புறப்படுமுன் அவர் கூறிய அறிவுரை மிகச் சுருக்கமானது: “தம்பி, எதையும் பார்க்கலாம். எதையும் எடுக்கக் கூடாது, எதன்மேலும் மிதிக்கக் கூடாது.” அச்சிறு விதியின் பொருளை அன்றைய பகல் முழுவதும் சிறிது சிறிதாக விளக்கிக் கொண்டே சென்றது எனலாம்.

குருசடைத் தீவு அளவிற் சிறியதாயினும் உயிர்நூல் வல்லார் நடுவே பெரும்புகழ் படைத்தது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த கிரேவ்லி முதலிய அறிஞர்கள் அத்தீவின் கரையோர உயிர்களை ஆராய்ந்து எழுதிய நூல் 1927-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் மணலுள் வளைதோண்டி வாழும் பலனோகிளாசஸ் என்னும் புழு, முதுகெலும்பில்லா உயிர்களுக்கும் முதுகெலும்புடைய உயிர்களுக்கும் இடைப்பட்ட உறவைக் காட்டுவதாகக் கருதப்படுவது. இந்தியா விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1949 முதல் 1971 வரை எதிர்க்கரையிலுள்ள மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்ததும் இக்கடலின் வளம் பற்றியே என்று கொள்ளலாம். கற்றோர் பல்லாண்டு ஆராய்ந்த மணலின்மேல் நாம் செருப்புக்காலோடு நடக்கின்றோம் என்னும் நினைவே நடையை மெல்லிதாக்கும்.

இனி, பவளப்பாறையைப் பற்றிச் சிறிது கூறுவோம். இதனைக் கரையோர மக்கள் முருகைக்கல் என்பர். கல்லெனத் தோன்றினும் இது கல்லன்று. செடியெனக் கிளைத்தாலும் செடியன்று. மொட்டுப் போன்ற மிகச் சிறிய உயிர்கள் எண்ணிறந்தன ஒருங்கு கூடி, கடல்நீரிலிருந்து சுண்ணத்தைப் பிரித்தெடுத்துத் தமக்கெனக் கட்டிக்கொள்ளும் வீடே இப்பாறை. அவ்வுயிர்களின் உடலினுள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஞாயிற்றின் ஒளியால் உணவு சமைத்து வீட்டுக்குரியவனுக்கு ஈகின்றது. வீட்டுக்குரியவன் பாசிக்கு இடமும் காப்பும் அளிக்கின்றான். பாறைக்கு நிறந்தருவதும் பெரும்பாலும் அப்பாசியே. கடல்நீரின் வெப்பம் அளவு கடந்து பல நாள் நீடிப்பின் இவ்வுறவு முறிகின்றது. பாசி வெளியேறப் பாறை வெளிறிப் போகின்றது. வெப்பம் விரைவில் தணியாவிடின் இறந்தும் படுகின்றது. மன்னார்க்குடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இத்தகைய பெருவெளிறல்கள் நிகழ்ந்தன. திரண்டு வளரும் பவளவகை பல ஓர் ஆண்டில் ஏறக்குறைய ஒரு செண்டிமீட்டரே உயர்வன. அங்ஙனமாயின், நம் குதிகால் ஒரு நொடியில் முறித்துவிடும் ஒரு சாண் உயரம் எத்துணை ஆண்டின் உழைப்பு என்பதைப் படிப்போரே கணக்கிட்டுக் கொள்க. வழிகாட்டி மிதிக்கலாகாது என்றதன் பொருள் இதுவே.

இக்கரையில் மறைந்த இரண்டு தீவுகளின் வரலாறும் இப்பாறையோடு பிணைந்தது. முருகைக்கல்லைச் சுட்டாற் சுண்ணாம்பாகும், அடுக்கினாற் சுவராகும். ஆகவே பல்லாண்டுகளாக அதனைப் படகு படகாகப் பெயர்த்தெடுத்தனர். பாறை இருந்தவரையில் அலை அதன்மேல் மோதி வலியிழந்து தீவை அடைந்தது. பாறை போகவே அலை தன் முழு வலியோடும் மணலை அரித்தது. கீழக்கரைத் தொகுதியின் பூவரசன்பட்டியும், தூத்துக்குடித் தொகுதியின் விலங்குச்சல்லியும் இவ்வாறே நீருள் ஆழ்ந்தன. 2001-ஆம் ஆண்டில் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள காப்பு அன்றுதொட்டுப் பவளத்துக்கும் கிடைத்தது. மாலையில் இரண்டு மணிகள் உதிர்ந்த பின்னரேனும் நூலை முடிந்தனர் என்று மகிழ்தல் வேண்டும்.

படகிற் செல்வோர் அனைவரும் முதலிற் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கடற்பசுவைக் காணலாமா என்பதே அது. ஆவுளியா என்று மீனவர் அழைக்கும் இவ்வுயிர் மீனன்று. குட்டி ஈன்று பாலூட்டுவது. வகையால் யானைக்கு உறவானது. மூன்று மீட்டர் நீளம் வரையும், 400 கிலோகிராம் எடை வரையும் வளரும் இப்பேருடல் விலங்கு, கடலடியில் முளைத்த புல்லையே மேய்ந்து உயிர் வாழ்கின்றது. ஓர் ஈற்றுக்கு ஒரு கன்றே பிறத்தலானும், முற்காலத்தில் இறைச்சிக்காக வேட்டையாடப் பெற்றமையானும் இதன் தொகை மிகக் குறைந்து போயிற்று. எம் வழிகாட்டி இதற்குக் கூறிய மறுமொழி நேர்மையானது. தாம் கடலிற் கழித்த ஆண்டுகள் அனைத்திலும் அதனை உயிரோடு கண்டது சில முறையே என்றும், அன்றைக்கு அதனைக் காட்டுவதாக வாக்களிக்கத் தம்மால் இயலாது என்றும் அவர் கூறினார். அதற்கு மாறாக, அது மேயும் புல்வெளியின் மேல் படகை நிறுத்தி, விசையை அடக்கி, குனிந்து நோக்கச் செய்தார். தெளிந்த நீரின் கீழே பசும்புல் காற்றிலாடும் நெற்பயிர்போல் அசைந்து கொண்டிருந்தது. காணாத விலங்கின் உணவைக் கண்டபொழுது, அவ்விலங்கைக் கண்டதினும் மிகுதியாக அதனை அறிந்தோம் என்று கூறுவது மிகையாகாது. காப்பதற்குரியது விலங்கு மட்டுமன்று, அதன் மேய்ச்சல் நிலமும் ஆகும் என்பது அப்பொழுது விளங்கிற்று. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு பாக்கு விரிகுடாவின் வடபகுதியில் 448 சதுர கிலோமீட்டர்க் கடற்பரப்பைக் கடற்பசுக் காப்பிடமாக அறிவித்ததும் இந்நோக்கம் பற்றியே.

நண்பகலுக்குப் பின்னர்ப் படகை விட்டிறங்கி, தீவின் கீழ்க்கோடியை நோக்கிச் சாலைவழியே செல்வது வழக்கம். ஒருபுறம் ஆண்கடலும் மறுபுறம் பெண்கடலும் நெருங்கி வர, நிலம் ஒடுங்கி ஒடுங்கி இறுதியில் அரிச்சல்முனை என்னும் மணற்கூரில் முடிவுறுகின்றது. வழியில் உள்ள உப்பங்கழிகளிற் பூநாரைகள் கூட்டங் கூட்டமாக நிற்கும். கழுத்தை வளைத்து அலகைத் தலைகீழாக நீரிற் செலுத்தி, சேற்றை வடித்து நுண்ணுயிர்களை மட்டும் உண்ணும் அவற்றின் திறம் வியக்கத்தக்கது. இறகின் செந்நிறமும் அவ்வுணவிலிருந்தே வருவதாம். நெருங்கிச் சென்றால் அவை பறந்தெழும். எழுந்தால் அவற்றின் சிவந்த சிறகு விரிந்து தோன்றும். அவ்வழகைக் காணவேண்டிச் சிலர் கைதட்டி ஓட்டுவர். தொலைதூரம் பறப்பதற்கு உடலிற் சேர்க்கும் வலிமையை நம் கைதட்டல் வீணாக்குகின்றது என்பதை அவர் எண்ணார். வழிகாட்டி இருந்தவிடத்து இச்செயல் நிகழாது. அவர் தொலைநோக்கிக் கண்ணாடியைக் கையிற் கொடுத்து நம்மை நின்ற இடத்திலேயே நிறுத்திவிடுவார். 2025-ஆம் ஆண்டில் இப்பகுதி பூநாரைச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது.

தனுஷ்கோடியின் இடிபாடுகளைக் காணாது இப்பயணம் நிறைவுறாது. இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த கப்பல்வழியின் துறைமுகமாயிருந்த அவ்வூரை, 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவிற் புயலும் கடலும் சேர்ந்து அழித்தன. ஊரை நோக்கி வந்துகொண்டிருந்த புகைவண்டியும் அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்ட மக்களும் அலைவாய்ப்பட்டனர். இன்று மணலிடையே நிற்பவை சில சுவர்களே. அவற்றுள் ஒன்று கிறிஸ்தவ தேவாலயத்தினுடையது. கூரையில்லை, மணியில்லை, பலிபீடம் இருந்த திசையில் வானமே தோன்றுகின்றது. அச்சுவரை அணுகி நோக்கினால், அதிலும் முருகைக்கற்களைக் காணலாம். பவளவுயிர்கள் கட்டிய நுண்துளைகள் இன்றும் அவற்றில் மாறாதிருக்கின்றன. அதனைக் கட்டினோர் மீது குறைகூற நாம் துணியோம். கையிற் கிடைத்த கல்லாலே ஆண்டவருக்கு வீடு கட்டினர். பவளத்தின் வாழ்வை அக்காலத்தில் அறிந்தோர் அரியர். ஆனால் நாமோ அறிந்தவர். அறிந்தவர்க்குக் கடன் மிகுதி.

ஈண்டு, நெஞ்சை உறுத்தும் ஒரு வினாவை மறையாது கூறல் வேண்டும். இக்கடற் பரப்பிற் காலங்காலமாகப் பிழைத்துவந்த மீனவர்க்குப் பூங்காவின் எல்லை தடையாயிற்று. வந்துபோகும் நமக்கோ படகு தரப்படுகின்றது. இது முறையாகுமா? சிறப்பாக, பாசி எடுக்கும் பெண்களின் நிலை எண்ணத்தக்கது. விரல்களிற் துணி சுற்றி, கண்ணுக்கு நீர்க்கண்ணாடி அணிந்து, மூச்சை அடக்கி மூழ்கி, பாறையிற் படர்ந்த பாசியைக் கையாற் பறித்துச் சாக்கில் நிரப்புவது அவர்தம் தொழில். உணவுப் பண்டங்களிலும் மருந்துகளிலும் சேரும் பசைப்பொருள்களுக்கு அப்பாசியே மூலம். கடலிற் காவல் மிகுந்த பின்னர், தாய்வழியாய் வந்த அத்தொழிலைச் செய்யும்பொழுதே அஞ்சி ஒளியும் நிலை அவர்க்கு நேர்ந்தது. ஆயினும், மாதத்தில் 12 நாட்களே கடலுள் இறங்குவது எனத் தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்ட பெண்களும் அவருள் உண்டு. மறுபுறம், அவர்க்கு மாற்றுத் தொழிலாகும் என்று வேற்று நாட்டினின்றும் கொணர்ந்து வளர்க்கப்பெற்ற கப்பாபைகஸ் என்னும் பாசி, குருசடையின் உயிருள்ள பவளத்தின்மேற் படர்ந்து அதனை மூடிவிட்டது என 2008-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். நல்லெண்ணத்தோடு செய்தவையும் கடலை அறியாது செய்தால் தீங்காகும் என்பதற்கு இதுவே சான்று.

காவலை எடுத்துவிடுக என்று நாம் கூறவில்லை. மூழ்கிய தீவுகள் இரண்டும் அதற்கு எதிராகச் சாட்சி சொல்லும். காவலின் பாரம் ஏழையின் தோளிலும், காட்சியின் இன்பம் விருந்தினன் கண்ணிலும் சேர்வது நீதியன்று என்பதே எம் கருத்து. இதற்கு ஒரு வழியை இக்கரையோர ஊர்களே காட்டுகின்றன. பாக்கு நீரிணைக் கரையிலுள்ள காரங்காடு என்னும் சிற்றூரில், அலையாத்திக் காட்டினூடே விருந்தினரை அழைத்துச் செல்லும் பணியில் வனத்துறையோடு ஊராரே சேர்ந்து, படகோட்டிகளாகவும் வழிகாட்டிகளாகவும் பொருளீட்டுகின்றனர். வலைவீசிய கை வழிகாட்டும் கையாகும்பொழுது, காடு நிற்பதே அவர்க்கு ஊதியம் ஆகின்றது. எல்லாக் குடும்பத்துக்கும் இத்தொழில் போதாது என்பது உண்மையே. ஆகவே, தமக்குத் தாமே வரம்பு வகுத்துக்கொண்டவர் சொல்லும், எல்லை வகுப்போர் அவையிற் கேட்கப்படுதல் வேண்டும். கடலைப் பற்றி அவர் அறிந்தது நம் நூல்கள் அறிந்ததினும் குறைந்ததன்று.

இனிச் செல்லக் கருதும் மாணவர்க்குச் சில சொற்கள். இசைவு பெற்றே செல்க. உள்ளூர் வழிகாட்டியையே அமர்த்துக. அவர்க்குரிய ஊதியத்தைப் பேரம் பேசிக் குறைக்காதீர். சங்கு, சிப்பி, பவளத்துண்டு ஒன்றும் எடுக்காதீர். கடைகளில் விற்கும் பவளத்தை வாங்கவும் வேண்டா. பிளாஸ்டிக் பொருளைக் கொண்டு சென்றால் திரும்பக் கொணர்க. தனுஷ்கோடியினின்றும் பொழுது சாயுமுன் திரும்புக. குறிப்பேடு ஒன்று கொண்டு சென்று, வழிகாட்டி கூறும் பெயர்களை எழுதிக் கொள்க. பேராமை, அழுங்காமை, பங்குனியாமை என ஆமைகளுக்கும், வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றுகளுக்கும் அவர்கள் வழங்கும் சொற்கள் நம் மொழியின் செல்வம். தமிழ் பயிலும் நமக்கு அவற்றைத் திரட்டுவதே ஒரு தொண்டாகும்.

ஐந்தாம் நாளிற் கடலின் உயிர்களையும் வானத்துப் பறவைகளையும் படைத்த கர்த்தர் அவற்றை ஆசீர்வதித்தார் என்று ஆதியாகமம் கூறுகின்றது. மனிதனைத் தோட்டத்தில் வைத்தது அதனைப் பண்படுத்துதற்கும் காத்தற்குமே என்றும் அந்நூலே கூறுகின்றது. பண்படுத்தும் பணியைப் பாசி எடுக்கும் பெண்ணும் வலைவீசும் ஆடவனும் செய்து வருகின்றனர். காக்கும் பணியில் அவர்களோடு நாமும் பங்குகொள்ளுதல் வேண்டும். ஒரு பகல் கடலைக் கண்டு களித்துத் திரும்பும் மாணவன், பவளம் எங்ஙனம் வளர்கின்றது என்பதையும், அதன் அருகே யார் எங்ஙனம் பிழைக்கின்றனர் என்பதையும் தன் வீட்டாருக்கு எடுத்துச் சொல்வானாயின், அப்பயணத்துக்குச் செலவிட்ட பொருளும் பொழுதும் வீண் போகவில்லை என்று துணிந்து கூறலாம்.